மண்டபமா, கோயிலா, லயத்து வாசலா: ஐந்து வயதுப் பிறந்தநாளை எங்கே வைப்பது?

தங்கச்சி மகனுக்கு வருகிற ஜூன் மாதம் ஐந்து வயது நிறைகிறது. அதை எப்படிக் கொண்டாடுவது என்பதில் எங்கள் வீட்டில் நாலு பேர் நாலு கட்சி. கொழும்பில் கடையில் வேலை செய்யும் அவன் அப்பாவுக்கு ஹட்டன் டவுனில் மண்டபம் எடுத்துச் செய்ய ஆசை. எங்கள் அம்மாவைக் கேட்டால், நட்சத்திரத்துக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை, முன்பள்ளிக்கு ஒரு பை டொபி, அவ்வளவுதான் என்கிறார். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் சின்னத் தங்கச்சி, "ஏதாவது ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு குடுங்க, காசு நான் அனுப்புறேன்" என்கிறாள். பெற்றவளுக்கு டிக்கோயாப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலேயே, வைக்க விருப்பம். ஆனால் "வீட்டுல வச்சா சனம் என்னக்கா சொல்லும்?" என்று அவளே இழுக்கிறாள்.

டவுனில் இருப்பவள் நான் என்பதால் மண்டபக் கட்டணம் விசாரிப்பதும் கேக் செய்பவரிடம் பேசுவதும் என் தலையில் விழுந்தன. இந்த வருஷம் இதே யோசனையில் இருக்கிற வேறு பெற்றோரும் இருப்பார்கள் என்பதால் விசாரித்ததை எழுதிவைக்கிறேன். என் கட்சியையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் கூட்டாளிகள் நடந்து வரக்கூடிய இடம்தான் பிறந்தநாளுக்கு இடம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் பார்க்க வேண்டியவை.

இந்த நாலு யோசனையும் எங்கள் பக்கத்துக்கு ஒவ்வொரு காலத்தில் வந்து சேர்ந்தவை. அப்பாயி காலத்தில் பிறந்தநாள் என்ற ஒன்றே கிடையாது. அவர் பிறந்த திகதி அவருக்குத் தெரியாது. 1947 பெருவெள்ளத்தின்போது தான் கைக்குழந்தை என்று அவருடைய அம்மா சொன்னதுதான் கணக்கு. அடையாள அட்டையில் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், எழுதிய ஒரு திகதி இருந்தது. "அது கந்தோர்ல குடுத்த திகதி, ஆண்டவன் குடுத்தது வேற" என்பார். சின்ன அத்தை பிறந்தது 1974 வாக்கில், கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கித் தோட்டத்தில் பட்டினி கிடந்த பஞ்ச காலத்தில். அது அப்படித்தான் நினைவிருக்கிறது, நாளும் கிழமையும் யாருக்கும் நினைவில்லை.

அதே வீட்டில்தான் பிறப்புச் சான்றிதழை டிரங்குப் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே பூட்டி வைத்திருந்தார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு, அப்பன் இந்த மண்ணில் பிறந்தான் என்று காட்டக் காகிதம் இல்லாதவர்கள் நாடற்றவர்களாகிப் போனார்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், சிலரை இந்தியாவுக்கு அனுப்பி, குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003 வரை ஒரு சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறந்த திகதி என்பது அந்தத் தலைமுறைக்குத் தோட்டத்தை நடத்தும் துரையிடமும் கந்தோரிலும் நீட்ட வேண்டிய ஒன்று. அதை வைத்துக் கேக் வெட்டலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

பிள்ளைக்கென்று விசேஷமே இல்லாமல் இருந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. முப்பதாம் நாள் பேர் வைத்தார்கள், மொட்டை அடித்துக் காது குத்தினார்கள், பெண் பிள்ளைக்குச் சடங்கு சுற்றினார்கள். மொய் நோட்டு திறந்தது அவற்றுக்குத்தான். புது உடுப்பு தீபாவளிக்கு மட்டும், அதுவும் தோட்டம் கொடுக்கும் தீபாவளி முற்பணத்தில்.

இனி ஒவ்வொன்றாக வருவோம்.

அம்மா சொல்லும் கோயிலும் டொபியும் இருப்பதிலேயே செலவு குறைந்தவை. அர்ச்சனைத் தட்டு, பூசாரிக்குத் தட்சணை, நல்ல டொபி இரண்டு பக்கெட். ஒரு நாள் சம்பளத்துக்குள் முடிந்துவிடும். அதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நட்சத்திரம் ஒரு நாளில் வரும், திகதி இன்னொரு நாளில் வரும். அம்மாவுக்கு நட்சத்திரம்தான் பிறந்தநாள். முன்பள்ளி ஆசிரியைக்குப் பதிவேட்டில் இருக்கும் திகதிதான் பிறந்தநாள். இரண்டையும் இரண்டு நாளில் வைத்துவிட்டால் சண்டையே இல்லை. பிள்ளைக்கு இரண்டு நாள் சந்தோஷம், யார் வேண்டாம் என்பார்கள்?

முன்பள்ளியில் டொபி கொடுப்பதை இலேசாக நினைக்காதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கு அதுதான் பெரிய சங்கதி. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய், நேற்றுத் தன்னோடு சண்டை பிடித்தவனுக்கும் ஒன்று நீட்ட வேண்டும். ஒரேயொரு விஷயம், ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேக் கொண்டு வரக் கூடாது, டொபி மட்டும் போதும் என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. எல்லாப் பெற்றோராலும் கேக் கொண்டுவர முடியாது என்பதால் அது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். இந்த வழியின் குறை, கூட்டாளிகளோடு ஓடி விளையாட நேரமில்லாததுதான். மணி அடித்தால் முடிந்தது. ஆகவே இதை வேறொன்றோடு சேர்த்துச் செய்யலாம், எக்காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது.

குவைத் தங்கச்சியின் யோசனையை மறுப்பது கஷ்டம், மனசு நல்லது. ஆனால் பிறந்தநாளன்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, நம் பிள்ளை சோற்றுப் பார்சலைக் கொடுக்கிற மாதிரிப் படம் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கும் பிறந்தநாள் உண்டு. கொடுப்பதானால் பேசாமல் அரிசி, பருப்பு, மா எடுத்துக் கொடுத்துவிட்டு வரலாம், வேறொரு நாளில். இதைக் கொண்டாட்டத்துக்கு மாற்றாக வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

மண்டபத்தில் என்ன கிடைக்கிறது

மண்டபம் எடுக்க வேண்டும் என்ற ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, காரணம் இருக்கிறது. சின்னவன் பிறந்தது 2021 ஜூனில், கொரோனாப் பயணத்தடைக் காலத்தில். பேர் வைப்புக்குக்கூட ஆட்கள் வரவில்லை. முதல் பிறந்தநாள் 2022 ஜூன். கேஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மாவுக்கு வரிசை, மின்வெட்டு. டவுனில் கேக் அடிப்பவர்கள் அடுப்பை மூடிவிட்டார்கள். லயத்தில் விறகடுப்பு இருந்ததால் தங்கச்சி ரவைக் கேசரி கிண்டி, தட்டில் கவிழ்த்து, அதன் மேல் ஒரு மெழுகுதிரி குத்தினாள். அப்பாவால் கொழும்பிலிருந்து வரவும் முடியவில்லை. போனில் பார்த்தார், பாதியில் லைன் அறுந்துபோனது. விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து இந்த ஐந்தாவதில் செய்துவிட வேண்டும் என்று அந்த மனிதருக்கு இருக்கிறது.

மண்டபம் என்றால் வசதிதான். மழைக்குப் பயமில்லை, ஜூன் மாதத்து ஹட்டனில் அது சின்ன விஷயமல்ல. கழிவறை உண்டு, மேசை கதிரை உண்டு. பலூன் வளைவு, பின்னால் படம் அடித்த பேனர், பாட்டு எல்லாவற்றையும் அலங்காரக்காரர் ஒரே விலையில் பேசிக் கட்டிக் கொடுக்கிறார். சமையல் வேலை இல்லை, சவான், அதாவது பலர் ஒரே தட்டில் சாப்பிடும் சோறு, சொல்லி விடலாம், இல்லையென்றால் ஃப்ரைட் ரைஸ். சீசன் பார்த்துக் கேட்க வேண்டும். சிவனொளிபாத மலைக் காலமான டிசம்பர் முதல் மே வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் நெருக்கடி. ஏப்ரலில் நுவரெலியாவில் விலை கேட்கவே பயமாக இருக்கும். ஜூன் என்றபடியால் எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, யார் வருவார்கள்? கணக்கை அங்கேதான் போட வேண்டும். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்க ஒரு நடை. அங்கிருந்து டவுனுக்கு பஸ். இரவில் விசேஷம் முடியும்போது திரும்ப பஸ் இராது, ஆட்டோதான் பிடிக்க வேண்டும். தோட்டத்து ரோட்டுக்கு இரவில் ஆட்டோக்காரர் கேட்கும் கூலி தெரியுமல்லவா? போதாக்குறைக்கு வெறுங்கையோடு போக முடியாது. காது குத்துக்கும் சடங்குக்கும் இருந்த மொய் இப்போது உறையில் ஏறிப் பிறந்தநாளுக்கும் வந்துவிட்டது. 2021இல் 1,000 ரூபாவான தோட்டத்து நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் அடிப்படை 1,350 ஆனது. இப்போது கொஞ்சம் கூடியிருந்தாலும் கணக்கைப் பாருங்கள். உறைக்குள் ஆயிரம் ரூபா, இரண்டு பிள்ளைகளுடன் ஆட்டோச் செலவு என்றால் பக்கத்துக் காம்பராக்காரிக்கு, அதாவது லயத்தில் அடுத்த அறையில் இருப்பவளுக்கு, ஒரு நாள் கொழுந்து பறித்த காசு போதாது. அவள் என்ன செய்வாள்? புருஷனை மட்டும் அனுப்புவாள், இல்லையென்றால் மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லுவாள். சின்னவனோடு தினமும் டயர் உருட்டுகிற பையன் வரமாட்டான். வருவது பெரியவர்கள், அப்பாவின் கூட்டாளிகள், கொழும்பு உறவு. மேடையில் கோட்டும் டையுமாகப் பிள்ளை நிற்கும், ஆளுக்காள் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். அது பெரியவர்கள் விசேஷம். அப்படியொன்று தேவைப்படும் நேரமும் உண்டு. ஒரு வயதில் மொட்டை, காது குத்து எல்லாவற்றையும் பிறந்தநாளோடு சேர்த்துச் செய்தால், மாத்தளை முத்துமாரியம்மனுக்குப் போய்வந்த கையோடு சொந்தபந்தம் எல்லாரையும் ஒரே இடத்தில் கூப்பிட மண்டபம் சரி. பிள்ளைக்கு அப்போது ஒன்றும் புரியப் போவதுமில்லை. ஐந்து வயதில் அவனுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரியும்.

இன்னொன்றும் உண்டு, வாய்விட்டுச் சொல்ல யாரும் விரும்பாதது. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் அந்த வரிசையில் யாரும் கேக் வெட்டமாட்டார்கள். வீட்டில் என்றால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடலாம். நான் கேட்ட மண்டபத்தில் முற்பணம் திரும்பி வராது என்று நேராகவே சொன்னார்கள்.

வீட்டில் வைத்தால்

கேக் எங்கள் பக்கத்துக்கு துரை பங்களாவிலிருந்து இறங்கி வந்தது. எங்கள் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது கேக்கைப் பார்த்தது ஸ்டாப் குவார்ட்டர்ஸ் ஜன்னல் வழியாகத்தானாம். கிளாக்கர் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள், பங்களாச் சமையல்கார அப்பு சுட்டுக் கொடுத்த கேக். உள்ளே கூப்பிடவில்லை, ஆனால் முடிந்த பிறகு ஓரத்தில் வெட்டி எடுத்த துண்டுகளைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்களாம். "கேக்குன்னா ஓரந்தான்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன்" என்பார்.

எங்கள் காலத்தில், தொண்ணூறுகளில், அது லயத்துக்குள் வந்துவிட்டது. ஓவன் கிடையாது. பெரிய அலுமினியச் சட்டியின் அடியில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, கேக் தட்டை உள்ளே இறக்கி மூடி, மூடியின் மேலும் தணல் அள்ளிப் போடுவார் அம்மா. நடுவில் திறந்து பார்த்தால் கேக் அமுங்கிப்போகும் என்று எங்களை அடுப்படிப் பக்கமே விடமாட்டார். பக்கத்துக் காம்பராக்காரர் வாசத்தை வைத்தே "வெந்திருச்சு, எறக்குங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பார். ஐசிங் இல்லாத பட்டர் கேக், லெமன் பஃப், கடலைச் சுண்டல், ஆளுக்கு அரைக் கிளாஸ் நெக்டோ சோடா. டவுன் ஸ்டூடியோக்காரர் வந்தால் இரண்டு படம், மூன்றாவது கேட்டால் ரோலில் மீதியைக் கல்யாண வீட்டுக்கு வைத்திருக்கிறேன் என்பார். கூப்பிடுவது என்பதே இல்லை. வரிசையில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வந்து நிற்கும். கேக் துண்டு வரவர மெலியும், அவ்வளவுதான்.

அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டு விசேஷத்தில் தொல்லைகள் உண்டு. முதலாவது இடம். பழைய லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, கட்டிலும் அலுமாரியும் போக மிச்சமிருப்பது ஒரு பாய் அளவு. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம், தங்கச்சிக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதனால் இஸ்தோப்பும் (முன் விறாந்தையும்) வாசலும்தான் மண்டபம். தென்மேற்குப் பருவ மழைக்கு ஒரு தறப்பாளாவது கட்டியாக வேண்டும், அதுவும் நீர் தேங்கித் தலையில் கொட்டாத மாதிரிச் சரிவு வைத்துக் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜூன் நல்ல காலம், அவர்களுக்குப் பெருமழை ஒக்டோபருக்கு மேல்தான்.

இரண்டாவது, ஆண்கள். பிள்ளையின் பிறந்தநாள் என்று வந்து பின்பக்கம் போத்தல் திறப்பார்கள். இதற்கு என்னிடம் ஒரே மருந்துதான் இருக்கிறது, இருட்டுவதற்கு முன் முடித்துவிடுவது. மண்டப விசேஷம் ஏழு மணிக்குத் தொடங்கும். வீட்டு விசேஷம் ஆறு மணிக்கு முடிய வேண்டும். சிறுத்தைப் புலி நடமாட்டம் இருக்கிற தோட்டங்களில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை, அந்திக்கு மேல் பிள்ளைகளைத் தேயிலைக்குள் நடக்கவிட எவருக்கும் மனம் வராது.

நாள் பார்ப்பதிலும் கவனம். ஞாயிறுதான் தோதான நாள், மற்ற நாளில் பெண்கள் கொழுந்து பறிக்க மலையில் நிற்பார்கள். தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தால் ஊர் முழுக்க மரக்கறி, கோழி வெட்ட முடியாது, கேக்கில் முட்டை சேர்ப்பதற்கே சிலர் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கு ஜூனில் அந்தப் பிரச்சினை இல்லை.

சாப்பாட்டில் பெரிதாகப் போக வேண்டாம். ரோல்ஸ், கட்லட் என்று பேக்கரியில் எடுத்தால் அதுவே ஒரு தொகையாகிவிடும். வரிசைப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்தால் வடையும் கடலையும் வீட்டிலேயே ஆகும். ஐசிங் கேக்கை டவுனில் சொல்லி வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம், பிள்ளை வருஷம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு கிலோ கேக் என்றால் எங்கள் பக்கம் இரண்டு மூன்று நாள் சம்பளம் வரும். வருகிற தலைக்கு ஏற்ப இரண்டு கிலோ எடுக்க முடியாவிட்டால், ஒரு கிலோ ஐசிங் கேக்கை முன்னால் வைத்துவிட்டு, பங்கு போட வெறும் பட்டர் கேக்கைத் தட்டில் சுட்டுக்கொள்ளலாம். குளிர் ஊரில் ஒரு வசதி, ஜெலிக்கு பிரிட்ஜ் வேண்டாம். முதல்நாள் இரவு கரைத்து மூடி ஜன்னல் ஓரத்தில் வைத்தால் விடியும்போது உறைந்திருக்கும். ஆனால் கேக்கைக் காலையிலேயே குளிரில்லாத இடமாகப் பார்த்து வைத்துவிடுங்கள், மாஜரின் ஐசிங் அந்தக் குளிரில் இறுகிக் கத்தி இறங்காது.

"சனம் என்ன சொல்லும்" என்ற கேள்விக்கு நான் தங்கச்சியிடம் சொன்னது: சனம் என்பது அந்த வரிசை வீடுகள்தானே, அவர்கள்தான் வந்து சாப்பிடப் போகிறார்கள். உறை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. சொன்னாலும் ஒன்றிரண்டு பேர் கொண்டுவருவார்கள், அதைப் பிள்ளையின் வங்கிப் புத்தகத்தில் போடு, மொய் நோட்டில் எழுதாதே. எழுதினால் அடுத்த பிள்ளையின் பிறந்தநாளுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், அப்படியே அது சுற்றிக்கொண்டிருக்கும்.

குவைத்தில் இருப்பவளுக்கும் ஒரு வழி பார்க்க வேண்டியிருந்தது. அங்கே நேரம் நம்மை விட இரண்டரை மணி பின்னால். ஞாயிறு அவர்களுக்கு வேலை நாள், வெள்ளிதான் லீவு. மதியச் சாப்பாட்டு வேலை முடிந்து இரண்டு மணிக்கு மேல் என்றால் பத்து நிமிஷம் போன் எடுக்கலாம் என்றாள். அப்படியானால் இங்கே நாலரைக்குக் கேக் வெட்ட வேண்டும். இஸ்தோப்பில் சிக்னல் நிற்காது, மேட்டு லயத்துத் தண்ணீர்த் தாங்கிப் பக்கம்தான் கிடைக்கும். கேக் மேசையை அந்தப் பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொள்வதாக முடிவு. இப்படி வெளிநாட்டில் அம்மாவோ சித்தியோ இருக்கிற வீடுகளில் நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் அந்தப் பத்து நிமிஷத்தைச் சுற்றித்தான் போட வேண்டியிருக்கிறது. மண்டபத்தில் பாட்டுச் சத்தத்துக்குள் போனில் யார் பேசுவது?

ஆக, எங்கள் வீட்டில் நட்சத்திரத்தன்று அம்மா அர்ச்சனைக்குப் போகிறார். திகதியன்று முன்பள்ளிக்கு டொபி போகிறது. அதற்கு அடுத்த ஞாயிறு நாலரை மணிக்கு வாசலில் கேக். சின்னவனின் அப்பாவைச் சம்மதிக்கவைக்கத்தான் அதிக நேரம் எடுத்தது. அவன் அடுத்த வருஷம் முதலாம் தரத்துக்குப் போகிறான், சப்பாத்து, பை, உடுப்பு என்று டிசம்பரில் ஒரு செலவு நிற்கிறது என்று தங்கச்சி கணக்குக் காட்டிய பிறகு மண்டபத்தை விட்டுக்கொடுத்தார். பேனரை விடவில்லை. சரி, ஒன்று அடித்துக்கொள்ளட்டும், ஆனால் அதில் தன் கூட்டாளிகளின் படங்களைச் சுற்றிவரப் போடக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

கேக்கின் நிறம் இன்னும் முடிவாகவில்லை. சின்னவனுக்கு நீலம்தான் வேண்டுமாம். நீல ஐசிங் தின்றால் நாக்கும் பல்லும் நீலமாகிப்போகும் என்று அவன் அம்மா பயமுறுத்திப் பார்த்தாள். அவன் அதற்காகத்தான் கேட்கிறான்.